ஆட்சேபணை இல்லை

தெருமுனையில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு ஊரார் ரகசியமெல்லாம் அத்துப்படி. யார் எந்த வேலைக்கு மனுப் போடுகிறார்கள், யார் யார்மேல் புகார் எழுதுகிறார்கள், எந்த அண்ணன் எந்தத் தம்பிக்கு நோட்டீஸ் தயார் செய்கிறான், எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. இதில் எனக்கு ஒரே ஒரு சட்டம்தான். அடித்ததை அடித்த இடத்திலேயே மறந்துவிட வேண்டும். கடை வைத்த புதிதில், ஒரு தம்பி அடிக்கக் கொடுத்த கடிதத்தைப் பற்றி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அண்ணன்காரனிடம் உளறிவிட்டேன். இரண்டு பேரும் என் கடை வாசலிலேயே ஒருத்தன் சட்டையை ஒருத்தன் பிடித்துக்கொண்டார்கள். என்னுடைய கண்ணாடிக் கதவு போயிற்று. அன்றோடு வாய்க்குப் பூட்டு போட்டவள் நான்.

அந்தப் பூட்டைப் பற்றி எனக்குப் பெருமைகூட உண்டு. இல்லை, உண்டு என்று சொல்லக்கூடாது, இருந்தது. நகல் சார் விஷயத்தில் அந்தப் பெருமை போய்விட்டது.

நகல் சார் என்பது நாங்கள் வைத்த பெயர். எதை அடித்தாலும் "இன்னொரு நகல்" என்பார். அசல் ஒன்று, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்க ஒன்று, கோப்புக்கு ஒன்று. எழுபதை நெருங்கும் வயது. இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. என் கடைக்குப் பின்தெருவில் மூன்றாவது வீடு அவருடையது. கீழே அவர் இருந்தார். வெளிப்பக்கமாக ஏறும் பதினாலு படி. மேலே குடியிருந்தவள் ஒரு ஆஸ்பத்திரி நர்ஸ். தனியாள்.

அந்தப் பதினாலு படி தூரத்துக்குத்தான் நகல் சார் ஏழு வருஷமாகக் கடிதம் எழுதினார். என் கடையில் அடித்து, தேதி போட்டு, எண் போட்டு, பொருள் போட்டு, கையெழுத்துப் போட்டு, தானே படியேறிப் போய்க் கொடுத்து, நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு இறங்குவார். வாரம் தவறாமல் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறாரே மனுஷன் என்று நினைத்தேன்.

ஒருநாள் கேட்டும் விட்டேன். "ஏன் சார், படிக்குக் கீழ நின்னு ஒரு குரல் குடுத்தா முடிஞ்சு போற விஷயம். இதுக்கு எதுக்கு பொருள், பார்வை எல்லாம்?"

"வாயால சொன்னது காத்தோட போயிடும்மா" என்றார். "அது மட்டும் இல்ல. மேல தனியா ஒரு பொண்ணு. கீழ தனியா ஒரு ஆம்பள. எல்லாம் எழுத்துல இருந்தா, நாளைக்கு அந்தப் பொண்ணப் பத்தி யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது பாருங்க."

மரியாதைப்பட்ட மனுஷன். ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, அவருக்குப் பேசத் தெரியாது. அவர் மனைவி இருந்தவரை குடியிருப்பவர்களோடு பேசுவதெல்லாம் அந்த அம்மாதான். "மேல தண்ணி நிரம்பிடுச்சா?" என்று அந்த அம்மா கேட்டால் என் கடைவரைக்கும் கேட்கும். இவர் அப்போது பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் இருப்பார். அந்த அம்மா போய் இரண்டாவது மாதம் நர்ஸ் குடிவந்தாள். வீட்டுக்காரர் என்ற வேலை திடீரென்று இவர் தலையில் விழுந்தது. இவருக்குத் தெரிந்த ஒரே பாஷை ஆபீஸ் பாஷை. அதையே எடுத்துக்கொண்டார்.

அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர்கள் கொண்டுவரும் கடிதங்களை நான் பார்த்திருக்கிறேனே. "இனிமேல் இப்படி நடந்தால் நான் மனுஷனாக இருக்க மாட்டேன்" என்றெல்லாம் எழுதிக் கொண்டுவருவார்கள். நகல் சார் அப்படி இல்லை. ஒரு கடிதத்தில் ஒரு விஷயம்தான். என்ன வேலை, எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், எல்லாம் இருக்கும். மேல்வீட்டுக்குள் ஆள் வர வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்னதாகத் தெரிவித்து, "தங்களுக்கு அந்த நேரம் வசதிப்படாவிடில் வேறு நேரம் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி கட்டாயம் சேர்ப்பார். கோபமாக எழுதினால் அன்றைக்கே கொடுக்க மாட்டார். மறுநாள் எடுத்துப் படித்து, கோபத்தை நீக்கிவிட்டு, மிச்சத்தைக் கொடுப்பார். கதவிடுக்கில் சொருகிவிட்டு வருவது அவருக்குப் பிடிக்காத காரியம். அது கடிதம் இல்லை, குப்பை என்பார்.

நர்ஸுக்கு முதல் கடிதம் கிடைத்த அன்று அவள் நேரே என் கடைக்கு வந்துவிட்டாள். கையில் தாள், கண்ணில் தீ.

"அக்கா, இங்கதான் அடிச்சதுன்னு கீழ கடை பேர் போட்டிருக்கு. நான் என்ன தப்பு பண்ணேன்? வந்து பத்து நாள் ஆகல, நோட்டீஸ் குடுக்கறாரு!"

"படிச்சுப் பாத்தியா?"

"தண்ணித் தொட்டி கழுவப் போறாராம். அதுக்கு இவ்ளோ பெரிய கடிதமா?"

"அவர் சுபாவம் அப்படி. நீயும் ஒண்ணு எழுதிக் குடு, அடங்கிடுவாரு" என்று விளையாட்டாகச் சொன்னேன்.

அவள் அதை நிஜமாகவே செய்தாள். "பொருள்: மழைக்காலத்தில் குளியலறைக் கதவு ஒட்டிக்கொள்வது குறித்து" என்று ஒரு கடிதம். கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். நகல் சாருக்கு அது கிண்டல் என்று தெரியவே இல்லை. மறுநாள் என் கடையில் அந்தக் கடிதத்தை மேஜைமேல் வைத்துத் தடவித் தடவிக் காட்டினார். "பாருங்கம்மா, பொருள் போட்டிருக்காங்க. தேதி போட்டிருக்காங்க. இந்தக் காலத்துல யாரு செய்யறா?" என்றார். அன்றைக்கே ஆளைக் கூட்டிவந்து கதவை இழைத்துக் கொடுத்தார்.

அப்படித் தொற்றிக்கொண்டது. இரண்டு பேருக்கும் நான்தான் அடித்தேன். அவர் செவ்வாய்க்கிழமை வருவார், அவள் டூட்டிக்குத் தக்கபடி வருவாள். அவர் எழுதியதை அவளிடமோ, அவள் எழுதப்போவதை அவரிடமோ நான் மூச்சு விட்டதில்லை. போகப்போகக் கடிதங்களில் தொட்டியும் கதவும் மட்டும் இல்லை. அவள் எட்டு நாள் ஊருக்குப் போனபோது மொட்டைமாடியில் இருந்த நாலு பூந்தொட்டிக்குத் தண்ணீர் விடுமாறு கோரி ஒரு மனு. திரும்பி வந்ததும் அவரிடமிருந்து பதில்: "தங்கள் கடிதத்தில் கண்டவாறு எட்டு நாட்களும் தண்ணீர் ஊற்றப்பட்டது. நான்கு தொட்டிகளில் ஒன்று பூத்துள்ளது. தகவலுக்காக."

அவளுடைய அம்மா இறந்தபோது அவர் பட்ட பாட்டை நான் மறக்க மாட்டேன். அனுதாபக் கடிதத்துக்கு ஐந்து வரைவு எழுதினார். ஐந்தையும் கிழித்தார். கடைசியில் இதைக் கொடுத்தார்: "தங்கள் தாயாரின் மறைவு குறித்த தகவல் கிடைக்கப்பெற்றேன். இம்மாதம் நடைபெற இருந்த சுவர்ப் பூச்சு வேலை, ஓசையினால் தங்களுக்குச் சிரமம் தரும் என்பதால், தாங்கள் சொல்லும்வரை ஒத்திவைக்கப்படுகிறது." அவள் அந்தத் தாளை ரொம்ப நாள் கைப்பையில் வைத்திருந்தாள்.

இருந்தாலும் இரண்டு பேரும் நேரில் பார்த்தால் தலையை ஆட்டுவதோடு சரி. "வணக்கம் சார்." "வணக்கம்மா." அவ்வளவுதான். அந்த வீட்டில் வேறு குரலே கிடையாது. மகன் தொலைதூரத்தில் இருந்தான். மாதத்துக்கு இரண்டு தரம் போன் செய்வான், இவர் "நல்லா இருக்கேன்" என்று நாலு தரம் சொல்வார். வெளியே பார்த்தால் என் கடை, இல்லாவிட்டால் மருந்துக் கடை. தனிமை என்ற வார்த்தையை அவர் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் வேலை முடிந்த பிறகும் என் கடை நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, ஜெராக்ஸ் மிஷினில் தாள் போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பாரே, அதற்கு வேறு என்ன பெயர்?

பிரச்சினை மகனிடமிருந்துதான் வந்தது. வீட்டை விற்றுவிட்டு அப்பா தன்னோடு வந்து இருக்க வேண்டும், அதற்கு முதலில் மாடியைக் காலி செய்ய வேண்டும் என்றான். சும்மா சொல்லவில்லை, ஒற்றைக் காலில் நின்றான். நகல் சார் அந்தச் செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தபோது முகம் வாடியிருக்கும் என்று நினைத்தேன். மனுஷன் உற்சாகமாக இருந்தார்.

"காலி செய்யச் சொல்லி அறிவிப்பு அடிக்கணும்மா. இரண்டு மாசம் அவகாசம். முறைப்படி."

"நிஜமாவா சார்? அந்தப் பொண்ணு போகட்டும்னு உங்களுக்கு மனசு இருக்கா?"

"எனக்கு எங்க இருக்கு? பையன் கேக்கறான், குடுக்காம இருக்க முடியாது. ஆனா கடைசி பாராவை அடிங்க, அப்ப புரியும்."

கடைசி பாரா இது: "இந்த அறிவிப்பின் மீது தங்களுக்கு ஆட்சேபணை ஏதேனும் இருப்பின், இது கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். ஆட்சேபணை பெறப்பட்டால் அதன்மீது முடிவு எடுக்கப்படும்வரை மேல்நடவடிக்கை நிறுத்திவைக்கப்படும்."

இவர் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தது சாலைக்கு நிலம் எடுக்கும் ஆபீஸில். அதிலும் ஆட்சேபணைகளை வாங்கிவைக்கும் பிரிவில். வீட்டை இடிக்கப் போகிறோம் என்று நோட்டீஸ் போகும். பதினைந்தாம் நாளுக்குள் கத்தை கத்தையாக ஆட்சேபணை வந்து விழும். ஒரு ஆட்சேபணை வந்துவிட்டால் போதும், கோப்பு அங்கேயே படுத்துவிடும். ஒரு தெருவை அகலப்படுத்தும் கோப்பு ஒரே ஒரு தையல்காரரின் ஆட்சேபணையால் பத்தொன்பது வருஷம் நகரவில்லையாம். தையல்காரர் அந்த வீட்டிலேயே பேரப்பிள்ளை எடுத்தாராம். நகல் சார் இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"என் சர்வீஸ்ல ஒரு ஆள்கூட நோட்டீஸ் வாங்கிட்டு சும்மா இருந்ததில்லம்மா. மனுஷன்னா ஆட்சேபிப்பான். அவங்களும் எழுதுவாங்க. நல்லா எழுதுவாங்க, என்னவிட நல்லா எழுதுவாங்க. நான் பையன்கிட்ட 'ஆட்சேபணை வந்திருக்கு, பரிசீலனையில இருக்கு'ன்னு சொல்லிடுவேன். நான் இருக்கறவரைக்கும் பரிசீலனையிலேயே இருக்கும்."

பொய் சொல்லாமல், மகனையும் பகைக்காமல், அவளையும் போகவிடாமல் இருக்க மனுஷன் கண்டுபிடித்த வழி. நானும் சிரித்தேன். நல்ல யோசனை என்றே சொன்னேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் அவள் வந்தாள். யூனிபார்ம்கூட மாற்றவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒரு கடிதம் அடிக்கணும்." கைப்பையின் பிடியைத் திருகினாள். "நான் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டேனாக்கா? அவர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

என் நாக்கு நுனியில் நின்றது. நீ ஆட்சேபணை எழுதுவாய் என்றுதான் மனுஷன் காத்துக்கொண்டிருக்கிறார், எழுதுடி என்று ஒரே வரி. சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். என் புத்தி எங்கே போயிற்று? உடைந்த கண்ணாடிக் கதவிடம் போயிற்று. ஒருத்தர் கடிதத்தை இன்னொருத்தரிடம் பேசுவதில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன்.

"ஆட்சேபணை இருந்தா எழுதலாம்னு போட்டிருக்காரு. ஒவ்வொரு நாளும் எழுதிக் கிழிச்சுட்டு இருக்கேன்" என்றாள். "ஏழு வருஷம் இருந்தாச்சு, போக மனசு வரல. ஆனா அவர் வீடு. வயசானவர், எவ்ளோ யோசிச்சு எழுதியிருப்பாரு. நான் ஆட்சேபணைன்னு எழுதினா, வெளிய போகச் சொன்ன மனுஷனோட மல்லுக்கு நிக்கற மாதிரி ஆயிடும். அவ்ளோ மரியாதையா நடத்தினவருக்கு நான் அத செய்யக் கூடாதுக்கா. அடிங்க."

அடித்தேன். "தங்கள் அறிவிப்பின் மீது எனக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." பொருள், பார்வை, தேதி, எல்லாம் பிசகாமல் சொன்னாள். எல்லாம் அவரிடம் கற்றுக்கொண்டது. இரண்டு நகல் எடுத்துக் கொடுத்தேன்.

நகல் சார் மறுநாளே வந்தார். செவ்வாய்க்கிழமை இல்லை. அந்தத் தாளை மேஜைமேல் வைத்தார்.

"ஆட்சேபணை இல்லையாம்" என்றார்.

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. என் சர்வீஸ்ல நான் பாத்ததே இல்லம்மா." தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், அங்கே ஏதாவது எழுதியிருக்குமோ என்பதுபோல. "அப்ப அவங்களுக்குப் போகணும்னுதான் இருந்திருக்கு. நான்தான் தப்பா கணக்குப் போட்டுட்டேன்."

"அப்படி இல்ல சார். நேர்ல போயி ஒரு வார்த்தை கேளுங்க. அறிவிப்ப ரத்து பண்றேன்னு சொல்லுங்க."

"எப்படிச் சொல்றது? ஒரு வீட்டுக்காரன், காலி பண்ணுன்னு சொல்லிட்டு, சரின்னதும் 'போகாதீங்க'ன்னு போய் நின்னா? தனியா இருக்கற பொண்ணு. என்னன்னு நெனைப்பாங்க?" கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது மனுஷனுக்கு. "வேண்டாம். அவங்க எழுத்துல குடுத்துட்டாங்க."

அப்போதும் நான் முழுசாக வாயைத் திறக்கவில்லை. அவள் எழுதி எழுதிக் கிழித்தாள் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் அவள் கடிதம் சம்பந்தப்பட்டது என்று என் மண்டைக்குள் ஒரு கணக்கு. தொழில் தர்மமாம். இரண்டு பேரையும் எதிரில் உட்கார வைத்துக்கொண்டு ஊமை வேஷம் போட்டதற்கு அப்படி ஒரு பெயர்.

அவள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அவர் கடைசியாக ஒரு தாள் அடிக்க வந்தார். புது வீட்டுக்காரர் கேட்டால் காட்டுவதற்கு ஒரு சான்று. "இவர் எனது வீட்டின் மேல்மாடியில் ஏழு ஆண்டுகள் குடியிருந்தார். வீட்டைத் தூய்மையாகப் பராமரித்தார். எந்தப் புகாரும் இல்லை." அதோடு நிறுத்திவிட்டுத் தெருவைப் பார்த்தார். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார். "இவர் இரவுப் பணி முடிந்து காலையில் வரும்போது கேட் திறக்கும் ஓசை கேட்கும். அந்த ஓசை கேட்ட பிறகே நான் எழுந்திருப்பது வழக்கம். அது எனக்குத் தொந்தரவாக இருந்ததில்லை."

நான் அடித்து முடித்தேன். அவர் தொண்டையைச் செருமினார். "அந்தக் கடைசி மூணு வரிய எடுத்துடுங்கம்மா. சான்றுல அப்படியெல்லாம் எழுதறதில்ல."

சரி சார் என்றேன். எடுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் வாடிக்கையாளர் சொல்லி நான் செய்யாமல் விட்டது அது ஒன்றுதான். அப்படியே பிரிண்ட் எடுத்து நீட்டினேன். அவர் எந்தத் தாளையும் விரலை ஓட்டி மூன்று தரம் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். படித்தார். விரல் கீழே வந்தது, அந்த இடத்தில் நின்றது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்று தரமும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சாமான் வண்டி வந்த அன்று காலையில் அவள் அந்தத் தாளோடு கடைக்கு ஓடிவந்தாள். "இது என்னக்கா?" என்றாள். "இது அவர் சொன்னதா, நீங்க போட்டதா?"

"அவர் சொன்னதுதான். எடுக்கச் சொன்னாரு, நான்தான் எடுக்கல" என்றேன். அப்புறம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆட்சேபணை, தையல்காரர், பத்தொன்பது வருஷம், எல்லாம்.

அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள். "அன்னைக்கு உங்களக் கேட்டேனேக்கா. ஏன் சொல்லல?"

உடைந்த கண்ணாடிக் கதவின் கதையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. புது வீட்டுக்குப் பதினொரு மாத ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். "லீவு நாள்ல வந்து பாக்கலாம்னு இருக்கேன். அவர்கிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், நானே வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீடு விற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவள் போன மூன்றாவது வாரம் மகன் போன் செய்து, இப்போது விலை சரியில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றுவிட்டான். மாடி பூட்டிக் கிடந்தது. வேறு ஆளைக் குடிவைக்கச் சொன்னேன். "பாக்கலாம்மா" என்றார். யாரையும் பார்க்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நின்றிருந்தார்.

"நேத்து வந்தாங்க" என்றார்.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "உக்காருங்க சார். என்ன பேசினீங்க?"

"கதவைத் திறந்தேன், நின்னுட்டிருந்தாங்க. ஏதாவது கடிதம் இருக்காம்மான்னு கேட்டேன். இல்ல சார், சும்மாதான் வந்தேன்னாங்க. உக்காரச் சொன்னேன். உக்காந்தாங்க. அங்க தண்ணி ஒழுங்கா வருதான்னு கேட்டேன். வருதுன்னாங்க. பாத்ரூம் கதவு எப்படின்னு கேட்டேன். ஒட்டலன்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லம்மா. ஃபேன் ஓடிட்டிருந்துது. அவங்க கைப்பைய திறந்து திறந்து மூடினாங்க. நான் கடிகாரத்தப் பாத்தேன். பாத்திருக்கக் கூடாது. வேற எங்க பாக்கறதுன்னு தெரியாம பாத்துட்டேன். உடனே எழுந்துட்டாங்க. பத்து நிமிஷம் இருந்திருப்பாங்க."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மேஜையைக் குத்த வேண்டும் போல இருந்தது. ஏழு வருஷம், முந்நூறுக்கு மேல் கடிதம். எழுத்தில் அவ்வளவு அழகாகப் பேசிக்கொண்ட இரண்டு பேர், நேரில் உட்கார்ந்ததும் குழாயையும் கதவையும் தாண்ட முடியவில்லை. இவருக்காவது பேச்சு வராது. அந்தப் பெண்ணுக்கு என்ன கேடு? ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க அத்தனை நோயாளிகளிடம் பேசுகிறவள்தானே?

"எனக்குத் தெரியலம்மா" என்றார் நகல் சார். "வேற என்ன கேட்டிருக்கணும்? வீட்ல அவ இருந்தப்ப வர்றவங்க போறவங்ககிட்ட மணிக்கணக்கா பேசுவா. என்னதான் பேசுவான்னு நான் கவனிச்சதே இல்ல."

"சாப்பிட்டீங்களான்னு கேட்டிருக்கலாம் சார்."

அவர் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு கேள்வி இருப்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல. பையிலிருந்து பேனாவை எடுத்தார். மேஜைமேல் கிடந்த வீணான தாள் ஒன்றை இழுத்து, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார், பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி.

"உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கலாம். ராத்திரி டூட்டி கஷ்டமா இருக்கான்னு கேக்கலாம்." மூன்றாவதையும் சொல்லிவிட்டேன். "நீங்க இல்லாம வீடு வெறிச்சுனு இருக்குன்னு சொல்லலாம்."

முதல் இரண்டையும் எழுதினார். மூன்றாவதை எழுதாமல் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு அதையும் எழுதினார்.

அன்று மத்தியானமே நான் அவளுக்குப் போன் செய்தேன். இனிமேல் என் வாய்க்குப் பூட்டு கிடையாது என்று முடிவு செய்துவிட்டேன். "போனேன்க்கா" என்றாள். "அவருக்குத் தொந்தரவா இருக்குமோன்னு தோணிச்சு. கடிகாரத்தப் பாத்துட்டே இருந்தாரு." ஐயோ, அப்படி இல்லை, அவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை, நீ இன்னொரு தரம் வா என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். "வரேன்க்கா, கண்டிப்பா வரேன்" என்றாள். புது வீடு இரண்டு பஸ் மாறி வர வேண்டிய தூரம். டூட்டியும் மாறிவிட்டது. நாலு மாதம் ஆகிறது.

நகல் சார் இப்போதும் செவ்வாய்க்கிழமை வருகிறார். அடிக்க எதுவும் கொண்டுவருவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்து, விரலை ஓட்டிப் படிக்கிறார்.

"மொதல்ல 'சாப்பிட்டீங்களா', அதானேம்மா?" என்று கேட்கிறார்.

"ஆமா சார்" என்கிறேன்.